சந்தனத் தலை சாய்ந்த சுவர்

இந்த ஊரில் கொத்தனார்கள் பள்ளிக்கூடம் போகிறார்கள். புதன்கிழமை காலையில், வெளிச்சம் சரியாக வருவதற்குள், கட்டடச் சாமான் கடையின் பின்கொட்டகையில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுவிடுகிறார்கள். நரைத்த தாடிக்காரர்களும் முழங்கால் தேய்ந்தவர்களும் ஆளுக்கொரு சாசேஜ் வைத்த ரொட்டியோடு வந்து உட்கார்ந்து, தரையிலிருந்து சுவருக்குள் ஈரம் எப்படி ஏறுகிறது என்று ஒருவர் படம் போட்டு நடத்தும் பாடத்தைக் கேட்கிறார்கள். தூங்கி வழிகிறவர்களும் உண்டு. கடைசி பெஞ்சு என்று ஒன்று நியூஸிலாந்திலும் இருக்கிறது. பாடம் முடிந்து கையெழுத்துப் போட்டால் புள்ளி கிடைக்கும். புள்ளிகள் சேர்ந்தால்தான் உரிமம் தொடரும். சேராவிட்டால், எப்பேர்ப்பட்ட மேஸ்திரியாக இருந்தாலும் இன்னொருவரின் உரிமத்துக்குக் கீழே நின்றுதான் கரணை பிடிக்க வேண்டும். எங்கள் ஊர் குடுபல்லியில் ஒன்பதாம் வகுப்பின்போது பள்ளிக்கூடத்துச் சுவரேறிக் குதித்து ஓடியவன் நான். ஓடிவந்த பள்ளிக்கூடம் கடல் தாண்டி எனக்கு முன்னால் வந்து, கையில் ரொட்டியோடு காத்திருந்து பிடித்துக்கொண்டது. சிரிப்புத் தாங்காமல் முதல் நாள் வகுப்பிலேயே சிரித்துவிட்டேன். பாடம் நடத்தியவர், சிமெண்டில் அப்படி என்ன வேடிக்கை என்று கேட்டார். சொல்வதற்கு என் ஆங்கிலம் போதவில்லை.

எங்கள் ஊரில் வீட்டுக்குள் தமிழ், பள்ளிக்குள் தெலுங்கு. எனக்குக் கணக்கு இரண்டு மொழியிலும் வரவில்லை. கால் ஒரு இடத்தில் நிற்காத ஆள் நான். குப்பத்தில் ரயிலேறி பெங்களூர் போனேன். சிமெண்டு மூட்டைமேல் படுத்தேன், சுண்ணாம்பு விரல் இடுக்கைத் தின்றது, பிறகு தோல் தடித்துவிட்டது. கல் அடுக்கக் கற்றுக்கொண்டு சித்தூர் வந்தேன், திருப்பதி போனேன், பஹ்ரைன் போனேன். பஹ்ரைனில் கட்டில்மேல் கட்டில் போட்ட அறையில் மேல்கட்டில் கிடைத்தது. ஏ.சி. காற்று நேராக முகத்தில் அடிக்கும் என்பதால் அதை அதிர்ஷ்டம் என்றே வைத்துக்கொள்ளலாம். அங்கிருந்து ஒரு ஏஜென்சி மூலம் இங்கே வந்து கிரெய்க் என்கிற காண்டிராக்டரிடம் சேர்ந்தேன். குளிர் தவிர குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஊரில் இருக்கிறவர்களிடம் ஒன்று சொன்னால் நம்பமாட்டார்கள். இங்கே செங்கல் சுவர் வீட்டைத் தாங்குவதில்லை. மரச்சட்டங்கள் தாங்குகின்றன. செங்கல் வெளியே போட்டுக்கொள்ளும் சட்டை. சட்டைக்கும் உடம்புக்கும் நடுவில் கை நுழையும் அளவு சந்து விட வேண்டும், அடி வரிசையில் தண்ணீர் வெளியேற ஓட்டைகள் விட வேண்டும். சுவரில் ஓட்டை விட்டுவிட்டு, அதுதான் முறை என்று சொல்லும் மேஸ்திரியைச் சித்தூரில் என்ன செய்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். அங்கே பழைய மிஷன் சர்ச் ஒன்றுக்குக் காம்பவுண்டுச் சுவர் கட்டினேன். வேலை தொடங்கும் நாளில் சர்ச் பாதிரியார் ஐயர் வந்து ஜெபம் செய்வதாக இருந்தது. அவர் வருவதற்குள் நாங்கள் அவசரமாக ஒரு தேங்காயை உடைத்துத் தின்றுவிட்டோம். ஐயர் வந்தார், மணல் குவியலில் கிடந்த தேங்காய் ஓட்டைப் பார்த்தார். ஜெபத்தை மிகவும் நீட்டினார். வெயிலில் நின்ற எங்கள் ஆட்கள், ஒரு தேங்காய்க்கு இவ்வளவா என்று முணுமுணுத்தார்கள். இங்கே வேலை தொடங்கும் முன் ஹெல்மெட் மாட்டியிருக்கிறோமா, வெளிச்சம் அடிக்கும் சட்டை போட்டிருக்கிறோமா என்று ஒவ்வொருவராகப் பார்க்கிறார்கள். அதுவும் ஒரு ஜெபம்தான், கொஞ்சம் சின்னது.

சொல்ல வந்தது என் உரிமத்தின் கதை. உரிமம் கிடைத்தால் கிரெய்க்கின் கீழ் நிற்காமல் சொந்தமாக வேலை எடுத்துச் செய்யலாம். சொந்த வேலை நிலைத்தால், குடுபல்லியில் இருக்கும் என் மனைவி அலமேலுவையும் மகளையும் இங்கே கூட்டி வந்து ஒரு வீட்டில் குடிவைக்கலாம். வீடியோவில் மகளின் பல் விழுவதையும் முளைப்பதையும் பார்த்தது போதும் என்று தோன்றிவிட்டது. எனக்கு வேண்டியது இவ்வளவுதான். எழுத்துத் தேர்வில் தட்டுத்தடுமாறித் தேறிவிட்டேன். கல் அடுக்கிக் காட்டும் தேர்வு எனக்குத் திருவிழா. மிச்சம் இருந்தது சாட்சி. நான் பொறுப்பேற்று ஆட்களை வைத்து முடித்த ஒரு வேலையைப் பற்றி, அதைச் செய்யச் சொன்னவரே பேச வேண்டும். இங்கே செய்ததெல்லாம் கிரெய்க்கின் பொறுப்பு. நானே முழுதாக எடுத்துச் செய்த பெரிய வேலை திருப்பதியில் ஒரு லாட்ஜின் முன்கூடச் சுவர்தான். லாட்ஜ் முதலாளி முனிரத்தினத்தின் பெயரைக் கொடுத்தேன்.

முனிரத்தினம் தெலுங்குக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். பெங்களூரில் எங்கோ பூசாத செங்கல் சுவரைப் பார்த்து மயங்கி வந்து, தன் லாட்ஜ் முன்கூடத்துக்கும் அப்படியே வேண்டும் என்று என்னைப் பிடித்தார். பூசாத சுவர் என்றால் ஒளிக்க இடமில்லை. ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு சந்தும் எல்லாருக்கும் தெரியும். அந்த வேலையில் கலவை சுமந்த சித்தாள் அலமேலு. "மேஸ்திரி, கல்லு நனையல, கலவ புடிக்காது" என்று தலையில் சட்டியோடு நின்று எனக்கே சொல்வாள். பதிலுக்கு நான் ஏதாவது சொல்ல, அவள் அதற்கொன்று சொல்ல, சுவர் முடிவதற்குள் கல்யாணம் முடிவாகிவிட்டது. சுவரைக் காயவிடாதவர்கள் யாத்திரிகர்கள்தான். மலையில் மொட்டை போட்டு, தலைக்குச் சந்தனம் பூசி, பஸ்ஸில் இறங்கி வந்த களைப்பில் நேராக வந்து புதுச் சுவரில் சாய்வார்கள். கயிறு கட்டினேன், கயிற்றுக்குக் கீழே குனிந்து வந்து சாய்ந்தார்கள். சுவரை நனைக்கத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் குழந்தைகளைக் கொண்டுவந்து அதில் குளிப்பாட்டினார்கள்.

முனிரத்தினத்துக்குப் போன் செய்து, "உரிமம் குடுக்கிற ஆபீஸ்லருந்து ஜேன்னு ஒரு மேடம் பேசுவாங்க. என் வேலயப் பத்திக் கேப்பாங்க. உள்ளத உள்ளபடி சொல்லுங்க, போதும்" என்றேன். அதற்கு மேல் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பது இங்கே விதி. "அட, ஒன்னப் பத்தி நான் சொல்லாம யார் சொல்லுவாங்க" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. எங்கள் பக்கத்தில் கட்டிய சுவரைப் பற்றி யாரும் யாருக்கும் போன் போட்டுக் கேட்பதில்லை என்பது அப்போது என் மண்டையில் உறைக்கவில்லை. ஒரு ஆம்பிளையைப் பற்றி ஊர் விட்டு ஊர் போன் வந்தால் அது ஒன்றே ஒன்றுக்குத்தான். பெண் வீட்டார் மாப்பிள்ளையை விசாரிக்கிறார்கள். அவர்களும் முதலில் வேலையைப் பற்றித்தான் கேட்பார்கள். ஆபீஸ், உரிமம் என்று நான் சொன்னதெல்லாம் கூச்சத்தில் சுற்றி வளைப்பது என்று அவர் எடுத்துக்கொண்டார்.

பிறகு இரண்டு பக்கமும் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால் அந்தப் பேச்சு இப்படி நடந்திருக்கிறது. ஏழுமலையை, அதாவது என்னை, தெரியுமா என்று ஜேன் கேட்டிருக்கிறார். "வெரி குட் மேன். நோ டிரிங்கிங். ஓன் ஹவுஸ் இன் வில்லேஜ்" என்றார் முனிரத்தினம். அவருடைய வேலை எப்படி என்றதற்கு, "குட் ஒர்க், குட் இன்கம், மதர்-இன்-லா நோ பிராப்ளம்" என்றார். மாமியார் தொல்லை இல்லை என்பது எங்கள் பக்கத்தில் பெரிய தகுதி. ஏதாவது குறை உங்கள் கண்ணில் பட்டதா என்று ஜேன் அடுத்த கேள்விக்குப் போனார். முனிரத்தினம் நல்ல மனிதர். ஒரு பெண்ணின் வாழ்க்கை விஷயத்தில் பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. "மேடம், ஒன் டிஃபெக்ட். வைஃப் இஸ் தேர்" என்றார். லைன் இரைந்ததில் ஜேனுக்கு டிஃபெக்ட் என்பது மட்டும் விழுந்தது. அந்தக் குறையைப் பிறகு சரிசெய்தாரா, அல்லது இடித்து அகற்றினாரா என்று கையிலிருந்த அடுத்த கேள்வியைப் படித்தார். முனிரத்தினம் கொதித்துப்போனார். "மேடம், நீங்க அப்படிப் பேசக்கூடாது. ஷி இஸ் எ குட் லேடி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அவர் அடுத்து கூப்பிட்டது அலமேலுவை. அலமேலு அடுத்து கூப்பிட்டது என்னை. நான் சாரத்தின்மேல் நின்றிருந்தேன்.

"இன்னா மேஸ்திரி, கல்யாணம் எப்போ?"

"யாருக்கு?"

"ஒனக்குத்தான். பொண்ணு வூட்டுல திருப்பதிக்கே போன் போட்டு வெசாரிக்கிறாங்களாமே. நானு டிஃபெக்ட்டாம். இடிச்சி எடுத்துடலாமான்னு கேட்டாங்களாம்."

"அலமேலு, அது சுவத்தப் பத்தி."

"நானு சுவரா?"

சாரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், அவளும் அந்தப் பக்கம் சிரித்தாள். கிரெய்க் கீழேயிருந்து, இறங்கி வந்து சிரி என்று கத்தினார். அன்று மாலை ஜேன் பேசியபோது சிரிப்பு போய்விட்டது. நான் கல்யாணமானவன் என்று சாட்சி அழுத்தமாகச் சொல்கிறாராம், சுவரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லையாம். விஷயத்தை விளக்கினேன். அவர் சிரிப்பை அடக்கி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு அலுவலகக் குரலில், இன்னொரு முறை வீடியோவில் கூப்பிடுவேன், அவர் சுவரை நேரில் காட்டிப் பதில் சொல்ல வேண்டும், நீங்கள் அந்தப் பேச்சில் இருக்கக் கூடாது, அதிலும் முடியாவிட்டால் விண்ணப்பத்தை மூடிவிடுவேன், மறுபடி முதலிலிருந்துதான் என்றார்.

இதைச் சொன்னதும் அலமேலு, "அந்தாளு கையில போனக் குடுத்தா சுவத்தையா காட்டுவாரு, மூஞ்சியத்தான் காட்டுவாரு. நானே போறேன்" என்றாள். மகளைத் தன் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, பலமநேர், சித்தூர் வழியாகத் திருப்பதிக்குப் பஸ் ஏறினாள்.

வீடியோ பேச்சு எங்களுக்கு மதியம், அங்கே காலை. அந்த மதியம் நான் கட்டியதைக் கட்டியது என்று சொல்லக் கூடாது. மட்டம் பார்க்கும் நூலின் ஒரு முனையைக் கல்லில் கட்டுவதற்குப் பதில் வாளியில் கட்டிவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். கிரெய்க் என்னை உட்காரவைத்து டீ கொடுத்தார். டீ ஆறும்போது வாட்சப்பில் வீடியோ அழைப்பு வந்தது. திறந்தால் மொட்டைத் தலையில் மஞ்சளாகச் சந்தனம் அப்பிய ஒருவர்.

"யாருங்க வேணும்?" என்றேன்.

"பாத்தியா, அதுக்குள்ள பொஞ்சாதி யாருன்னு தெரியல" என்றது அலமேலுவின் குரல்.

இடுப்பு வரை வரும் முடி அவளுக்கு. சித்தாளாக இருந்தபோது அதைச் சும்மாடாகச் சுருட்டி, அதன்மேல்தான் சட்டியை வைப்பாள்.

"இன்னா பண்ணிட்ட அலமேலு?"

"நேத்து மலைக்குப் போயி குடுத்துட்டேன். லைசென்சு வரணும்ன்னு."

"வந்தப்புறம் இல்ல குடுப்பாங்க?"

"நீ அட்வான்ஸ் வாங்காம கல்லு தொடுவியா? சாமியும் தொழில் பண்றவருதான்."

பிறகு நடந்ததைச் சொன்னாள். ஜேன் திரையில் வந்ததும் முனிரத்தினம் முதலில் தன் முகத்தையும், பிறகு கல்லாவுக்கு மேலிருக்கும் பெருமாள் படத்தையும், பிறகு புதிதாக வாங்கிய தண்ணீர் மெஷினையும் காட்டியிருக்கிறார். அலமேலு போனைப் பிடுங்கிச் சுவருக்கு நேராகத் திருப்பினாள். சந்துகள் நேராக இருப்பதையும் மூலை நூல் பிடித்தமாதிரி நிற்பதையும் ஜேன் பார்த்துக்கொண்டே வந்தார். பெஞ்சுக்குப் பின்னால் வந்ததும் நிறுத்தச் சொன்னார். சுவரில் வரிசையாக மஞ்சளும் வெள்ளையுமாகத் திட்டுகள், எல்லாம் ஒரே உயரத்தில். இது தரையிலிருந்து ஏறிய ஈரம், உப்பு பூத்திருக்கிறது, அடியில் ஈரம் தடுக்கும் வேலை நடக்கவில்லை, இது பெரிய குறை என்றார். நாங்கள் புதன்கிழமை படித்த அதே பாடம். நான் அங்கே இருந்திருந்தால் நானே அப்படித்தான் எழுதியிருப்பேன்.

"தட் இஸ் ஹெட், மேடம்" என்றார் முனிரத்தினம்.

ஜேனுக்குப் புரியவில்லை. முனிரத்தினம் தன் தலையைத் தட்டிக் காட்டினார். "பீப்பிள் ஹெட். மெனி ஹெட். டெய்லி." ஜேன் இன்னும் கவலையாகப் பார்த்திருக்கிறார்.

"தள்ளு மொதலாளி" என்று அலமேலு போனை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். காலையில் குளித்து மறுபடி பூசிய சந்தனம் ஈரமாகவே இருந்தது. தலையைப் பின்னால் சாய்த்துச் சுவரில் ஒரு அழுத்து அழுத்திவிட்டு எழுந்தாள். மற்ற திட்டுகளுக்குப் பக்கத்தில், அதே உயரத்தில், புதிதாக ஒன்று.

ஜேன் மெதுவான குரலில் அலமேலுவைப் பார்த்து, எனக்கு வருத்தமாக இருக்கிறது என்றார். முடியில்லாத பெண் என்றால் இங்கே பெரிய நோய் என்றுதான் முதலில் நினைப்பார்கள்.

"இன்னாத்துக்கு சாரி சொல்றாங்க?" என்று கேட்டாள் அலமேலு.

"முடிக்கு" என்றார் முனிரத்தினம்.

"அது வளரும்னு சொல்லு. சுவத்தப் பத்திக் கேக்கச் சொல்லு."

வாளித் தண்ணீரில் முந்தானையை நனைத்து, பழைய திட்டு ஒன்றைத் துடைத்துக் காட்டினாள். கல் சிவப்பாக வந்தது, சந்தில் ஒரு பொடிகூட உதிரவில்லை. தரையோரம் தொட்டுத் தொட்டுக் காட்டினாள், காய்ந்திருந்தது. கடைசியில், இந்தச் சுவரைப் பற்றி இவ்வளவு தெரிந்த நீங்கள் யார் என்று ஜேன் கேட்டிருக்கிறார். முனிரத்தினம் நடுவில் முகத்தை நுழைத்து, "வைஃப், மேடம். ஐ டோல்டு யு" என்றார்.

உரிமம் வந்தது. ஜேன் கூப்பிட்டுச் சொன்னபோது, இத்தனை காலத்தில் ஒரு சுவரின்மேல் இவ்வளவு பேர் நம்பிக்கை வைத்துச் சாய்ந்ததைத் தான் பார்த்ததில்லை என்றார். மரியாதைக்குச் சொன்னாரோ கேலியாகச் சொன்னாரோ, இவர்கள் குரலில் எனக்கு இன்னும் வித்தியாசம் பிடிபடவில்லை. என்னைப் போல் கடல் தாண்டி வந்து சாட்சிக்கு ஆள் தேடும் தோழர்களுக்கு ஒன்று. ஊரில் யார் பெயரைக் கொடுத்தாலும், இது கல்யாண விஷயம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கிரெய்க் என்னைக் கட்டிப்பிடித்து, இதுவரை சும்மா உட்கார்ந்து கேட்டாய், இனிமேல் நீயும் புள்ளி சேர்க்க வேண்டும், புதன்கிழமை தப்பிக்க முடியாது என்றார். முதல் புள்ளிக்கு நான் எழுதிக் கொடுத்த பாடம், சுவரில் தெரியும் திட்டு ஈரத்தால் வந்ததா, வேறு காரணமா என்று கண்டுபிடிப்பது எப்படி என்பது. மொட்டை போட்ட யாத்திரிகர்கள் என்று அதில் எழுதியதைத் திருத்தாமல் ஏற்றுக்கொண்டார்கள்.

அலமேலுவும் மகளும் வந்து சேர ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. விமான நிலையத்து அதிகாரி பாஸ்போர்ட்டிலிருந்த ஜடைக்காரியையும் எதிரே நின்ற கிராப்புத் தலையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்க, மகள் தடுப்புக்கு அந்தப் பக்கம் என்னைக் கண்டு, "நைனா" என்று கூப்பிட்டுக் கையை ஆட்டினாள். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

போன வாரம் சொந்தப் பெயரில் எடுத்த தோட்டச் சுவர் ஒன்றை முடித்துக்கொண்டிருந்தேன். அலமேலு சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். அந்த நேரம் பார்த்து முனிரத்தினம் வாட்சப்பில் ஒரு போட்டோவும், குரலில் ஒரு செய்தியும் அனுப்பினார். "ஏழுமல, ஃபாரின்ல பாஸான சுவர்னு சொல்லி மொத்தமும் கழுவிட்டேன். அலமேலம்மா தல வெச்ச எடத்த மட்டும் விட்டு வெச்சிருக்கேன். அத யாரும் தொடக்கூடாதுன்னு போர்டு போட்டிருக்கேன். போர்டுமேலயே சாயறாங்க."

போட்டோவைக் காட்டினேன். சிவந்த சுவரின் நடுவே ஒரே ஒரு மஞ்சள் வட்டம்.

"என் தல அவ்ளோ சின்னதா?" என்றாள். போனை வாங்கி, விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். "இங்க வந்துட்டேன் வந்துட்டேன்னு எல்லாருக்கும் சொல்லிக்கினு இருக்கேன். நானு இன்னும் அங்கதான் குந்திக்கினு இருக்கேன், பாரு."

சிரித்துக்கொண்டே புதுச் சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் உட்கார்ந்து, கையிலிருந்த போனைப் பார்த்தபடி தலையைப் பின்னால் கொண்டுபோனாள்.

"அலமேலு, சாயாத. சுவரு ஈரம்" என்றேன்.

சுவருக்கு ஒரு சாண் முன்னால் அவள் தலை அப்படியே நின்றது.